நேபாள மலைக் கிராமத்துக்குக் குடிநீர்: உதவப் போகும் கிறிஸ்தவ சபைக் குழுக்களுக்கு ஒரு கையேடு

முப்பது வீடுகள் உள்ள ஒரு மலைக் கிராமம். ஊற்றிலிருந்து ஊருக்கு 1,800 மீட்டர் குழாய் இழுக்க வேண்டும். 90 செ.மீ. ஆழத்திலும் 40 செ.மீ. அகலத்திலும் பள்ளம் வெட்டினால் கிட்டத்தட்ட 650 கன மீட்டர் மண். மலையிலேயே வளர்ந்த ஆள், சுமாரான மண்ணில் நாளைக்கு இரண்டு கன மீட்டர் வெட்டுவார். ஆக 325 ஆள்நாள். வீட்டுக்கு ஒருவர் வந்தால் பதினோரு நாளில் ஊரே முடித்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து போகும் எட்டுப் பேர் எட்டு நாள், ஆளுக்கு ஒரு கன மீட்டர் வீதம் வெட்டினால் (அதுவே பெரிய சாதனை) 64 கன மீட்டர். பத்தில் ஒரு பங்கு.

பயணத்துக்குப் பெயர் கொடுத்த எல்லோருக்கும் முதல் கூட்டத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுங்கள். அந்த ஊரில் கைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே இல்லாதவை வேறு: குழாய் வாங்கப் பணம், மட்டம் பார்த்து வழி குறிக்கத் தெரிந்தவர், மூட்டு ஒட்டத் தெரிந்தவர், கணக்கெழுதக் கற்றுக்கொடுப்பவர், அடுத்த வருஷம் தொலைபேசியை எடுப்பவர். குழுவை இதற்கேற்பச் சேருங்கள். பிளம்பிங் தெரிந்தவர் இருவர், கொத்து வேலையோ சிவில் வேலையோ தெரிந்த ஒருவர், கணக்கு பார்ப்பவர் ஒருவர், முதலுதவி தெரிந்தவர் ஒருவர், இந்தி சரளமாகப் பேசுபவர் ஒருவர். இவர்களில் குறைந்தது மூவர் பெண்களாக இருக்கட்டும். தண்ணீர் சுமப்பவர்கள் அங்கும் பெண்கள்தான். குழாயடி எங்கே வேண்டும் என்பதை வெளியூர் ஆண்களிடம் அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

எண்ணிக்கை எட்டைத் தாண்ட வேண்டாம். பயணச் செலவை ஒரு தாளிலும் குழாய், சிமெண்ட், சுமைகூலியை இன்னொரு தாளிலும் எழுதிப் பாருங்கள். முதல் தாளின் தொகை பெரிதாக வந்தால் ஆட்களைக் குறைக்க வேண்டும். வாலிபர் கூட்டத்தில் முப்பது பேருக்கு ஆசை இருக்கலாம். அந்த முப்பது பேரின் டிக்கெட் பணம் இன்னும் இரண்டு ஊர்களுக்குக் குழாய் வாங்கும்.

அழைப்பு யாரிடமிருந்து வர வேண்டும்

தாதிங், மக்வான்பூர், கோர்க்கா, சித்வன் மாவட்டங்களின் மலைகளில் சேபாங், தமாங் மக்கள் வாழும் ஊர்கள் பலவற்றில் சிறு சபைகள் உண்டு. தமிழ்நாட்டுச் சபைகளுக்கு அறிமுகம் பெரும்பாலும் அங்கத்திய போதகர் வழியாகத்தான் கிடைக்கும். அறிமுகம் அவர் வழியாக இருக்கட்டும், விண்ணப்பம் அவர் பெயரில் இருக்கக் கூடாது. ஊரின் எல்லா வீடுகளும் சேர்ந்த பயனாளர் குழுவிலிருந்து, அங்கே சொல்வதுபோல் ‘உபபோக்தா சமிதி’யிலிருந்து, எழுத்தில் கேட்டு வர வேண்டும். அந்தச் சமிதி காவுபாலிகாவில் (2017 முதல் இயங்கும் கிராம உள்ளாட்சி அமைப்பு) பதிவாகியிருக்கிறதா, வார்டு அலுவலகத்துக்கு இந்த வேலை தெரியுமா என்று பாருங்கள். சமிதியில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். அரசே அடுத்த ஆண்டு அதே ஊருக்குக் குழாய்த் திட்டம் வைத்திருக்கலாம்; வார்டில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி ஊற்றைப் பற்றியது. ஊற்று ஊருக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? சேபாங் குடியிருப்புகள் பல மலை முகட்டில் இருக்கும். ஊற்று பள்ளத்தில் கிடக்கும். அங்கே தண்ணீர் தானாக ஓடி வராது, சூரிய ஒளி மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். அது பொறியாளரும் தொடர்ந்த பராமரிப்பும் வேண்டிய வேலை. பத்து நாள் குழு அதில் கை வைக்க வேண்டாம். அப்படிப்பட்ட ஊருக்குப் பள்ளிக்கூடக் கூரைத் தண்ணீரைச் சேர்க்கும் தொட்டி கட்டிக் கொடுப்பது உங்கள் கைக்கு அடங்கும்.

ஊற்றுக்கு உரிமை கொண்டாடுபவர் யார் என்பதும் முதலிலேயே தெளிவாக வேண்டும். நிலத்துக்காரர், கீழே பாசனத்துக்கு அதே நீரைத் திருப்புகிறவர்கள், தண்ணீரில் ஓடும் மாவு அரவைக் கல் வைத்திருப்பவர் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லாமல் ஒரு சுருள் குழாய்கூட வாங்காதீர்கள். முதல் கோடையில் இரவோடிரவாகக் குழாய் வெட்டப்படுவது பெரும்பாலும் இங்கே விட்ட குறையால்தான். ஊற்றடியில் நாக வழிபாட்டுக் கல்லோ கொடியோ இருப்பது சகஜம். அதை அகற்றுவதும் ஓரமாக ஒதுக்குவதும் உங்கள் வேலையல்ல. தடுப்புச் சுவர் எங்கே வர வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அதற்கேற்ப ஓரடி தள்ளிக் கட்டுங்கள்.

சட்டம்: இதைப் போதகரும் குழுவும் சேர்ந்து படிக்க வேண்டும்

2018 ஆகஸ்ட் 17 முதல் நேபாளத்தில் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு, மதம் மாற்றுவதையும் அதற்குத் தூண்டுவதையும் குற்றமாக்குகிறது. ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடு கடத்தவும் வழி உண்டு. 2015 அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவும் இதையே சொல்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? பெட்டியில் கைப்பிரதிகள் வேண்டாம். விநியோகிக்க வேதாகமப் பிரதிகள் வேண்டாம். சொந்தப் பிரதி ஒன்று போதும். குழாயடியில் ஜெபக் கூட்டம், பிள்ளைகளுக்கு மிட்டாயோடு பாட்டு, நோயாளி வீட்டுக்குப் போய்ப் பொதுவில் ஜெபம், எதுவும் வேண்டாம். தண்ணீர் திறக்கும் நாளில் சபையின் பேனர் வேண்டாம். உங்களுக்கு இது விசுவாசக் குறைவாகப் படலாம். ஆனால் புகார் எழுந்தால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவர் அந்த ஊர்ப் போதகர். அவர் ‘பரவாயில்லை, செய்யலாம்’ என்று மரியாதைக்குச் சொன்னாலும் செய்யாதீர்கள். அங்குள்ள சபைகள் பொதுவாகச் சனிக்கிழமை கூடும். அந்த ஆராதனைக்கு அழைத்தால் போய் அமருங்கள், ‘ஜய் மசி’ (அங்கத்திய கிறிஸ்தவ வணக்கம்) சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசா தேவையில்லை. ஆனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கையில் வேண்டும். ஆதாரை மட்டும் காட்டி விமானம் ஏற முடியாது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும்தான் அந்தச் சலுகை. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் தமிழ்ச் சபையார் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். காத்மாண்டு விமான நிலையத்தில் கிடைக்கும் சுற்றுலா விசாவில் (15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125) வேலை செய்ய அனுமதியில்லை, சம்பளம் வாங்காத தொண்டு வேலையும் இதில் அடங்கும். பதிவு பெற்ற உள்ளூர் அமைப்பு வழியாக உரிய அனுமதி வாங்கிய பிறகே கையில் கடப்பாரை எடுக்கலாம். இந்தியர்களுக்கு விசா இல்லை என்பதால் யாரும் எதுவும் செய்யலாம் என்று பொருளல்ல. திட்டத்தின் பொறுப்பும் பணமும் சமிதியிடமும் உள்ளூர் அமைப்பிடமும் இருக்க வேண்டும்.

மருத்துவ முகாமையும் சேர்த்து நடத்தலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வெளிநாட்டு மருத்துவர் அங்கே சிகிச்சை தர நேபாள மருத்துவ மன்றத்தின் தற்காலிகப் பதிவு வேண்டும். அது கிடைத்தாலும், முப்பது நாள் ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு முப்பத்தோராம் நாள் அந்த மனிதரை யார் பார்ப்பது? விட்டுவிடுங்கள்.

டிரோன் கொண்டு போகாதீர்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

எந்த மாதம்

நம் சபைகளுக்கு வசதி மே விடுமுறை. அந்த ஊருக்கு அது வசதியே இல்லை. மே மாதம் படிவயல்களில் மக்காச்சோளம் நிற்கும்; குழாய்ப் பள்ளம் அதன் நடுவே போக முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, சாலையே இருக்காது. 2024 ஜூலை 12 அன்று நாராயண்காட்–முக்லிங் சாலையில் சிமல்தால் அருகே நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. காத்மாண்டுக்குத் தெற்கிலிருந்து வருகிறவர்கள் அதிகம் பயன்படுத்தும் சாலை அது. அக்டோபர், நவம்பரில் தசைன், திஹார் பண்டிகைகளும் நெல், கேழ்வரகு அறுவடையும்.

ஆக, வேலையை மூன்றாகப் பிரியுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் இருவர் மட்டும் போய் ஊற்றை அளந்து வழியைக் குறிக்கட்டும். அறுவடை முடிந்ததும், டிசம்பர், ஜனவரியில் ஊரார் பள்ளம் வெட்ட, உள்ளூர்க் கொத்தனார் தொட்டி கட்டட்டும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் முழுக் குழு போய்க் குழாய் ஒட்டி, சோதித்து, குழாயடிகளை முடிக்கட்டும். குழு போகும்போது தொட்டி ஏற்கெனவே நின்றிருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. சிமெண்ட் தொட்டியை ஏழு நாளாவது ஈரச் சாக்கு போட்டு ஆற்ற வேண்டும். குளிர் இரவுகளில் இன்னும் அதிகம். குழு போன பிறகு கட்ட ஆரம்பித்தால், கிளம்பும் முன் தண்ணீர் பார்க்கும் ஆசையில் நான்காம் நாளே நிரப்பிவிடுவார்கள். மயிரிழை விரிசல் அப்போதே விழும். தெரிய வருவது உங்கள் பேருந்து போன பிறகு.

ஊற்றை அளப்பது

பத்து லிட்டர் வாளி, கைக்கடிகாரம், வாழைமட்டையோ தகரமோ வைத்து ஊற்றை ஒரே தாரையாக்கும் ஏற்பாடு. ஐந்து முறை நிரப்பிச் சராசரி எடுங்கள். வாளி 66 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 0.15 லிட்டர், ஒரு நாளைக்குச் சுமார் 13,000 லிட்டர்.

நேபாளக் கிராமத் திட்டங்களில் தலைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். 30 வீடு, 180 பேர் என்றால் 8,100 லிட்டர். ஊர் பெருகும் என்று கால் பங்கு கூட்டினால் 10,000 லிட்டர் சொச்சம். ஊற்று போதும். ஆனால் இந்த அளவைச் சித்திரை மாதத்தில் எடுத்திருக்க வேண்டும். மழை ஓய்ந்த அக்டோபரில் அளந்தால் அதே ஊற்று பல மடங்கு காட்டும்; அதை நம்பிக் கட்டிய குழாயடிகள் கோடையில் காய்ந்து கிடக்கும். பழைய அறிக்கையில் உள்ள அளவையும் நம்ப வேண்டாம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு நடு மலைப் பகுதியில் வற்றிய ஊற்றுகளும் இடம் மாறிய ஊற்றுகளும் பல.

இரவில் யாரும் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள். எட்டு மணி நேரத்தில் சேர்வது 4,320 லிட்டர். அதைப் பிடித்துவைக்க 5,000 லிட்டர் தொட்டி போதும். பத்தாயிரம் லிட்டர் தொட்டி கட்டினால் பார்க்கப் பெருமையாக இருக்கும், நிரம்பாது.

நீரின் தரத்துக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பிச் சோதனை எளிது. நீரை ஊற்றி வைத்து, ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக் கலப்பு இருக்கலாம். மலைக் குளிரில் குப்பி தாமதமாகத்தான் கறுக்கும். ஒரே இரவில் பார்த்துவிட்டு ‘சுத்தம்’ என்று சொல்லாமல், சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து இரண்டு நாள் பாருங்கள்.

மட்டத்துக்குக் கைபேசியின் உயரக் கணக்கை நம்பாதீர்கள். அது பத்து, இருபது மீட்டர் தவறலாம். இங்கே பத்து மீட்டர் உயரம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். அப்னி லெவலோ (சரிவு பார்க்கும் கைக்கருவி), கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் மட்டமோ எடுத்து வழி நெடுக அளந்து, ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் தாளில் குறிக்க வேண்டும்.

பொருட்கள்

குழாய் என்றால் கறுப்பு ஹெச்.டி.பி.இ. (அடர் பாலிதீன்) குழாய்தான். மேலே சொன்ன 1,800 மீட்டருக்கும் விநாடிக்கு 0.15 லிட்டருக்கும் 32 மி.மீ. சரி. 25 மி.மீ. விலை குறைவு, உராய்வில் இழக்கும் உயரமோ மூன்று மடங்குக்கு மேல். 100 மீட்டர் சுருளாக 18 வேண்டும், 20 வாங்குங்கள். ஒரு சுருள் இருபது கிலோவுக்கு மேல்; ஓர் ஆள் சுமை.

அழுத்த வகை முக்கியம். 6 கிலோ குழாய் 60 மீட்டர் உயர வித்தியாசம் வரை தாங்கும். அதற்கு மேல் இறங்கினால் நடுவில் அழுத்தம் உடைக்கும் சிறு தொட்டி கட்ட வேண்டும், அல்லது கீழ்ப் பகுதிக்கு 10 கிலோ குழாய் வாங்க வேண்டும். பகலில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும்போது ஒன்றும் ஆகாது. நள்ளிரவில் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போதுதான் முழு அழுத்தமும் வந்து வெடிக்கும். ஆகவே ஓடும் நீரின் அழுத்தத்தை விட்டுவிட்டு, நின்ற நீரின் அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். ஓடையைக் கடக்கும் இடத்திலும் பாறை மேல் போகும் இடத்திலும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்.

கம்பி வலைச் சாந்துத் தொட்டி ஒன்று, ஊற்றடித் தடுப்பு, ஆறு குழாயடிகள் (ஐந்து வீட்டுக்கு ஒன்று) எல்லாவற்றுக்கும் சுமார் 30 மூட்டை சிமெண்ட். அது ஒன்றரை டன். எல்லோரும் மறப்பது மணலை. மூன்று கன மீட்டர் ஆற்று மணல் கிட்டத்தட்ட ஐந்து டன்; ஜீப் சாலை முடிந்த இடத்திலிருந்து டோகோக் கூடையில், நெற்றியில் நாம்லோப் பட்டை மாட்டி, நடைக்கு 40 கிலோ வீதம் 120 நடை. மணல் மேலே வந்து சேராமல் கொத்தனாரை வரச் சொல்லிப் பயனில்லை. அருகில் கிடைக்கும் மண் கலந்த மணலை வைத்துச் சமாளித்தால் தொட்டி வியர்க்கும். சுமப்பவர்களுக்குச் சமிதி நிர்ணயித்த கூலியைக் கொடுங்கள், அதைவிடக் கூட்டிக் கொடுத்து ஊர் விலையைக் கெடுக்காதீர்கள். வாலிபர்கள் டோகோவைத் தூக்கிப் பார்க்க ஆசைப்படுவார்கள். வெறுங்கூடையோடு படம் எடுத்துக்கொள்ளட்டும். கழுத்து பிடித்தால் பத்து நாளும் படுக்கைதான்.

குழாய், சிமெண்ட், வால்வு எல்லாம் நேபாளத்திலேயே வாங்குங்கள். இந்தியாவிலிருந்து கொண்டு போனால் எல்லையில் சுங்கம், பிறகு உடைந்த பாகத்துக்கு அதே அளவில் மாற்றுக் கிடைக்காத திண்டாட்டம். ஊருக்குக் கீழே பஜாரில் கிடைக்காத எதையும் அந்த அமைப்பில் சேர்க்கக் கூடாது.

ஒட்டுவதும் புதைப்பதும்

ஹெச்.டி.பி.இ. குழாயைப் பசை போட்டு ஒட்ட முடியாது. சூட்டுத் தட்டில் இரு முனைகளையும் உருக்கி அழுத்த வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் தட்டை மண்ணெண்ணெய் அடுப்பில் சூடாக்குவார்கள். தட்டு ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அதைக் காட்ட, சூட்டில் நிறம் மாறும், சாக்பீஸ் போன்ற நிறக்குச்சி உண்டு; தட்டின் மேல் ஒரு கோடு இழுத்துப் பார்த்து வேலை செய்யுங்கள்.

முனையை நேராக வெட்டி, பிசிறு சீவி, சுத்தமான துணியால் துடைக்கவும். கைவிரல் எண்ணெயும் தூசும் மூட்டைக் கெடுக்கும். இரு முனைகளையும் தட்டின் இரு பக்கமும் லேசாக அழுத்தி, சுற்றிலும் ஒரே சீராக மெல்லிய உருகல் வளையம் எழும்வரை காத்திருங்கள். தட்டை எடுத்த உடனே, சில விநாடிக்குள், இரண்டையும் சேர்த்து நிதானமாக அழுத்துங்கள். பிறகு ஆறும்வரை அசைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றி ஆற்றவும் கூடாது. தட்டில் சூடு போதாவிட்டால் வெளியே அழகான வளையம் தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. சூடு மிஞ்சினால் குழாய் கருகி, உருகல் உள்ளே வழிந்து துவாரத்தைப் பாதி அடைக்கும். காற்று வீசினால் ஒரு பக்கம் ஆறிவிடும். ஆள் நின்று மறைக்க வேண்டும். முதல் நாள் முழுவதும் துண்டுக் குழாய்களில் பழகி, ஒட்டியதை நீளவாட்டில் அறுத்துப் பாருங்கள். ஊரின் இரண்டு இளைஞர்களை, ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், இந்த வேலைக்கு முதலிலேயே அமர்த்துங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு தட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும். குழுவினர் முனை சீவிக் கொடுத்தால் போதும். வேகம் குறையும், குறையட்டும்.

ஒட்டாமல் கிடக்கும் முனைகளை எப்போதும் பாலிதீன் போட்டுக் கட்டிவையுங்கள். இரவில் தவளை புகும், பகலில் பிள்ளைகள் கூழாங்கல்லைப் போட்டுப் பார்ப்பார்கள்.

குழாயைப் பள்ளத்தில் இழுத்துக் கட்டினாற்போல் கிடத்தாமல் கொஞ்சம் நெளிய விட வேண்டும். உச்சி வெயிலில் சூடேறிய குழாய் இரவில் சுருங்கும். விறைப்பாகக் கிடந்தால் வால்வு மூட்டிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். மண்ணைக் காலையிலோ சாயங்காலமோ தள்ளுங்கள். முதல் 20 செ.மீ. கல்லில்லாத மண். மூட்டுகளை மட்டும் மூடாமல் விட்டு, தண்ணீரை மெதுவாக நிரப்பி, எல்லாக் குழாயையும் அடைத்து ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பாருங்கள். கசியாத மூட்டை மூடலாம்.

மெதுவாக நிரப்பச் சொல்வது காற்றுக்காக. மேடேறி இறங்கும் இடங்களில் காற்று சிக்கிக்கொண்டால், ஊற்றில் தண்ணீர் ததும்பியபடி இருக்க, குழாயடியில் சொட்டுக்கூட வராது. மட்டத் தாளில் குறித்த மேடுகளில் காற்று வால்வு, பள்ளங்களில் வண்டல் கழுவும் வால்வு. காற்று வால்வுக்குப் பணமில்லை என்றால் மேட்டில் ஒரு சாதாரணக் குழாய் வைத்துத் திறந்துவிட்டும் காற்றை வெளியேற்றலாம். 90 செ.மீ. ஆழம் வெட்டியே ஆக வேண்டுமா என்று ஊரில் கேட்பார்கள். மேலாகப் புதைத்தால் ஏர் குத்தும், மழை மண்ணை அரித்துக் குழாயை வெளியே எடுத்துவிடும், வெளியே கிடக்கும் குழாய் நாளடைவில் கெடும். பாறை வந்தால் மட்டும் விட்டுக்கொடுத்து, மேலே கல் அடுக்கிச் சாந்து பூசலாம்.

குழாயடியை யாருடைய முற்றத்துக்குள்ளும் வைக்காதீர்கள். தலித் குடும்பங்கள் வந்து பிடிக்கத் தயங்கும் இடம் பொதுக் குழாய்க்கு ஏற்ற இடமல்ல. தீண்டாமையை நேபாளச் சட்டம் 2011 முதல் தெளிவாகத் தண்டிக்கிறது. ஆனால் சட்டத்தைச் சொல்லி ஊரில் வழக்காடும் இடத்தில் நீங்கள் இல்லை. ஆறு இடங்களையும் பெண்கள் கூட்டத்தில், தலித் வீட்டுப் பெண்களும் இருக்கும்போது, நடந்து பார்த்து முடிவு செய்ய வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. மேடைக்கு வடிகால் வைத்து, வழியும் நீரைக் காய்கறித் தோட்டத்துக்கோ மாட்டுத் தொட்டிக்கோ விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் சேறு.

ஊருக்குள் இருக்கும்போது

காலையில் தேநீர், பிறகு ஒன்பது பத்து மணிக்குச் சோறும் பருப்பும், மறுபடி இரவு ஏழு மணிக்கு அதே சோறும் பருப்பும். மதியச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது, நடுவில் பொரியோ மக்காச்சோள வறுவலோ கிடைக்கும். இட்லிப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அழைக்காமல் அடுப்படிக்குள் போகாதீர்கள். எச்சில் விஷயத்தில் நம் பாட்டிமார் அளவுக்கே கறாராக இருப்பார்கள்; வாய் வைத்த டம்ளரைக் குடத்துக்குள் விட வேண்டாம். மாட்டிறைச்சி டப்பா எதுவும் பையில் இருக்கக் கூடாது, பசுவதை அங்கே குற்றம். மூத்த ஆண்களை ‘தாய்’ என்றும் (dai, அண்ணன்), பெண்களை ‘தீதி’ என்றும் (அக்கா), வயதானவர்களை ‘ஆமா’, ‘புவா’ என்றும் அழையுங்கள். இந்தி பலருக்குப் புரியும். ஆனால் தமாங், சேபாங் வீடுகளில் மூதாட்டிகளுக்குத் தாய்மொழி மட்டும்தான் வசதி. மொழிபெயர்க்க ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள்.

துணிமணி, பொம்மை, பேனா விநியோகம் வேண்டாம். அடுத்த குழு வரும்போது ஊர்ப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

உடல்நலத்துக்குக் கிளம்பும் முன் டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகள். நாய் கடித்தால் சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குக் கீழே இறங்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்பது கிடையாது. குடிநீரைக் கொதிக்கவைக்கவும், அல்லது அங்கே கிடைக்கும் ‘பியூஷ்’ குளோரின் சொட்டு லிட்டருக்கு மூன்று விட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கவும். வயிற்றுப்போக்குக்கு ‘ஜீவன் ஜல்’ (ஓ.ஆர்.எஸ். உப்புக் கரைசல்) பொட்டலம் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். மலைச் சாலையில் இரவில் ஜீப் ஏறாதீர்கள். சிம் அட்டைக்கு, மலைக்குள் நேபாள டெலிகாமின் ‘நமஸ்தே’ மேல்.

பணமும் பிறகும்

100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், நிலையான மாற்று விகிதம். பெரிய இந்திய நோட்டுகள் பற்றிய விதி மாறிக்கொண்டே வந்திருப்பதால் கைச்செலவுக்கு 100 ரூபாய் நோட்டுகளாக எடுங்கள். பொருட்செலவை ரொக்கமாகச் சுமக்கக் கூடாது. வங்கி வழியாக உள்ளூர் அமைப்பின் கணக்குக்குப் போகட்டும். உங்கள் சபை அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால், இந்தியாவுக்கு வெளியே செய்யும் செலவுக்கு வருமான வரி விலக்கு தானாகக் கிடைக்காது. காணிக்கை எடுக்கும் முன்பே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

திறப்புக்கு முன்னால் ஊர்க் கூட்டத்தில் ஒவ்வொரு பில்லையும் சத்தமாக வாசித்து, மொத்தக் கணக்கைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பலகையில் ஊரார் கொடுத்த ஆள்நாட்களும் பணமதிப்பாக ஏறட்டும். 325 நாள் கூலியைப் போட்டுப் பார்த்தால் அவர்கள் பங்கு எவ்வளவு பெரிது என்பது ஊருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தொட்டியில் சபையின் பெயரைப் பொறிக்க வேண்டாம். சமிதியின் பெயரும் கட்டிய ஆண்டும் போதும்.

விட்டுவிட்டு வர வேண்டியவை: சூட்டுத் தட்டு ஒன்று, நிறக்குச்சி, ஹாக்ஸா, பைப் ரெஞ்ச் இரண்டு, 32 மி.மீ. குழாய் 50 மீட்டர், வால்வு இரண்டு, பித்தளைக் குழாய்த்தலை ஆறு, வாஷர் ஒரு பொட்டலம். முதலில் பழுதாவது வாஷர்தான். காப்பாளர் ஒருவருக்கு மாதச் சம்பளம், வீட்டுக்கு மாதச் சந்தா, சேமிப்புக் கூட்டுறவில் மூன்று பேர் கையெழுத்திடும் கணக்கு ஆகியவை தண்ணீர் வருவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வந்த பிறகு யாரும் சந்தா கொடுக்க மாட்டார்கள். முதல் மூன்று மாதச் சந்தா வசூலாகும்வரை கடைசித் தவணைப் பணத்தை உள்ளூர் அமைப்பு நிறுத்தி வைப்பது நியாயமே.

அடுத்த சித்திரையில் இருவர் மீண்டும் போக வேண்டும், அதற்கான செலவை முதல் பட்ஜெட்டிலேயே ஒதுக்குங்கள். அதே வாளியால் ஊற்றை அளந்து, தொட்டி மூடியைத் திறந்து வண்டல் பார்த்து, ஆறு குழாயடிகளிலும் நீர் வரும் வேகத்தைக் குறித்து, சமிதியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். சந்தா நின்றுபோயிருந்தால், புதிதாக எதையும் வாங்கிக் கொடுக்காமல், ஏன் நின்றது என்று பெண்களிடம் தனியாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.